வானவில் ஓடையை ருசி பார்த்தவர்கள்

முன்னொரு காலத்தில், பனி விலகாத மலையடிவாரத்தில் மாறங்காடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட சித்திரமாறனுக்குக் கனவென்றால் உயிர். அவர் கண்ட கனவுதான் அன்றைய சட்டம். யாரும் மறுத்துப் பேசக் கூடாது.

ஒருநாள் சபையில் பாதிக் கண் மூடியபடியே சொன்னார்: "குப்பைமேட்டுக்குக் கீழே ஓர் ஓடை, மயில்கழுத்து நிறத்தில் மின்னக் கண்டேன். நாளை மகளுக்குப் பெயர் சூட்டும்போது அந்த நீரைத்தான் அவள் நாவில் விட வேண்டும்."

"வானவில் கரைந்த நீர், மகாராஜா. அமைச்சருக்கு மட்டும் பிடிக்காது பாருங்கள்" என்றார் வேழமுத்தர். நகரின் குப்பைக்குப் பொறுப்பு அவர்தான். அமைச்சர் தத்தனார்மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை.

தத்தனாருக்கு உண்மை தெரியும். அழுகிய குப்பைக்குள் மழை ஊறி வடிவதுதான் அந்த மினுமினுப்பு. அதைப் போய்ப் பச்சைக் குழந்தையின் நாவிலா?

"அருமையான கனவு, மகாராஜா. அதில் முதலில் ருசி பார்த்தவர் யார்?"

"யாரும் இல்லையே" என்றார் அரசர்.

"அரச குடும்பம் அருந்தும் எதையும் ஒருவர் முதலில் ருசி பார்ப்பது நம் வழக்கமல்லவா? ஆட்களை நான் அழைத்து வருகிறேன்."

மறுநாள் தத்தனார் தொட்டிலருகே இரண்டு பளிங்குக் கிண்ணங்களை வைத்தார். ஒன்றில் ஏரி நீர், மற்றதில் ஓடை நீர். ஏரியில் பிடித்த, கடுகைவிடச் சிறிய பூச்சிகளை இரண்டிலும் விட்டார்.

"இவர்கள்தான் ருசி பார்ப்பவர்கள். சின்ன உடம்பு, மகாராஜா. கெடுதல் இருந்தால் நமக்கு முன்பே இவர்களுக்குத் தெரிந்துவிடும்."

சபை சிரித்தது. அரசர் மட்டும் கன்னத்தில் கைவைத்துச் சொக்கிப்போய்ப் பார்த்தார். ஏரி நீரில் பூச்சிகள், வெயிலில் மிதக்கும் தூசிபோல் துள்ளி ஆடின. ஓடை நீரில் ஆட்டம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒவ்வொன்றாக அடியில் போய்ப் படிந்தன.

"தூங்குகின்றன, மகாராஜா. தேவலோக நீரல்லவா?" என்றார் வேழமுத்தர்.

தத்தனார் அவற்றை அள்ளி ஏரி நீரில் விட்டார். ஒன்றுகூட எழவில்லை. அரசர் தொட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேழமுத்தரே, அவ்வளவு சுகமான தூக்கமென்றால் நீரும் ஒரு மிடறு குடியும்."

கிண்ணத்தை எடுத்த கை உதடுவரை போகவில்லை.

குழந்தையின் நாவில் ஏரி நீரே விழுந்தது. தத்தனாருக்குத் தம் முத்துமாலையை அணிவித்த அரசர், "இனி என் கனவுகளையும் நீரே முதலில் ருசி பாரும்" என்றார். குப்பைமேட்டை அப்புறப்படுத்தும் வேலை வேழமுத்தர் தலையில் விழுந்தது. அது முடியும்வரை, தினமும் ஓடை நீரில் பூச்சிகளை விட்டுக் காவலிருக்கவும் உத்தரவு.

பல மழைக்காலம் கழித்து ஒரு காலையில் அரசர் எட்டிப் பார்த்தார்.

"என்ன வேழமுத்தரே, தூங்குகின்றனவா?"

வேழமுத்தர் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இல்லை மகாராஜா. ஆடுகின்றன."