முறுக்கனின் மூன்று வீடுகள்

ஒரு காட்டில், ஓடைக்கரை மாமரத்தில், முசுறு எறும்புகள் குடியிருந்தன. அவை வீடு கட்டுவது எப்படித் தெரியுமா, குழந்தைகளே? ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, இலைகளை இழுத்துச் சேர்க்கும். பிறகு ஓர் எறும்பு, நூல் விடும் குட்டிப் புழுவை வாயில் தூக்கி வந்து, இலையோரமாக நகர்த்தித் தைக்கும். அந்தப் புழு அவர்கள் வீட்டுப் பிள்ளைதான்.

அந்த மழைக்காலத்தில் நூல் விடும் பிள்ளைகள் மூன்றே மூன்று. இலை சேர்ந்த பிறகே பிள்ளையை எடுக்கவேண்டும், தைத்ததும் அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும் என்பது மரத்தின் கட்டுப்பாடு.

முறுக்கன் என்ற எறும்புக்கு அதெல்லாம் பொருட்டா? "ஒரே மூச்சில் மூன்று வீடு கட்டுகிறேன், பார்!" என்று மூவரையும் அள்ளிப்போய் மூன்று கிளைகளில் வைத்தான். ஆட்களையும் மூன்றாகப் பிரித்தான். எந்தக் கிளையிலும் இழுக்க ஆள் போதவில்லை. பிள்ளைகள் சும்மா கிடந்தன.

கீழ்க்கிளையில் செம்பி தவித்தாள். முட்டைகளைக் காப்பது அவள் பொறுப்பு. பழைய வீடு காற்றில் கிழிந்திருந்தது. வானமோ இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மழை போதும், முட்டை அத்தனையும் ஓடையோடு போய்விடும்.

"கால் நடுங்குதடி செம்பி! சீக்கிரம் நூல் கொண்டா!" என்று, புது வீட்டுக்கு இலைகளை இழுத்துப் பிடித்துச் சங்கிலியில் தொங்கியவர்கள் கத்தினார்கள்.

செம்பி ஓடினாள். "அண்ணே, எங்க இலை சேர்ந்து நிற்குது. ஒரு பிள்ளையைக் கொடுங்க."

"முதலில் எடுத்தவன் நான். என் வேலை முடியட்டும்."

"இன்னும் தொடங்கவே இல்லையே?"

"பெரிய வேலை அப்படித்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?"

கெஞ்சினால் இவன் மசியமாட்டான். செம்பி பயத்தை விழுங்கிக்கொண்டு சிரித்தாள்.

"மூன்று வீட்டுக்கு மூன்று பிள்ளை இருந்தால் யார்தான் கட்டமாட்டாங்க? ஒரே பிள்ளையை வைத்து மூன்றையும் தைக்க உங்களால் முடியாதாக்கும்!"

முறுக்கனின் மீசை துடித்தது. "எனக்கா முடியாது? ஒன்றே போதும். மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு போ!"

செம்பி தோழியைக் கூவி அழைத்தாள். ஆளுக்கொரு பிள்ளையோடு பறந்தார்கள். இவள் இந்த ஓரம், அவள் அந்த ஓரம் என்று தைத்தார்கள். கடைசி முட்டை உள்ளே போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

முறுக்கனின் மூன்று கிளைகளிலும் பாதி இழுத்த இலைகள் படாரென்று விரிந்துகொண்டன.

நனைந்து சொட்டச் சொட்டச் செம்பியின் வாசலில் வந்து நின்றான். வாயில் அந்த ஒற்றைப் பிள்ளை இருந்தது.

உலர்ந்த முட்டைகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, செம்பி தலை நிமிர்ந்து நின்றாள்.

"உள்ளே வாங்க அண்ணே. பிள்ளையை முதலில் இப்படிக் கொடுங்க. கூரையில் ஒரு ஓட்டை பாக்கியிருக்கு."

நீதி: பலருக்கும் பொதுவானதை வேலை வருமுன்னே பிடித்து வைத்துக்கொண்டால், பிறர் வேலையும் நடக்காது, நம் வேலையும் முடியாது.