கீழ்க் கயிறு

"போன வருஷம் நான் எதுல கோட்டை விட்டேன் மேடம்? அதை மட்டும் சொல்லிடுங்க."

சாரணர் பயிற்சி முகாமில் வந்து இறங்கியதும் கோதண்டம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

கோதண்டம் பஸ் கண்டக்டர். ஐம்பதை நெருங்குகிற வயசு. ஓடுகிற வண்டியில் கம்பியில் சாய்ந்து டிக்கெட் கிழித்தே பாதி ஆயுசு போய்விட்டது. மகள் மோனிஷா படிக்கிற பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சாரணர் குழு ஆரம்பித்துவிட வேண்டும் என்று மனுஷனுக்கு ஒரே பித்து. அதற்குப் பெரியவர் ஒருவர் முறையாகப் பயிற்சி எடுத்து, தேறியதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஸ்கார்ஃப் வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதுதான் விதி.

போன வருஷம், பயிற்சி நடத்துகிற ஷாஹிதா மேடம் அவரை வெறுங்கழுத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஷாஹிதா கோதண்டத்தைவிட ரொம்பச் சின்னவர். அதட்ட மாட்டார், திட்ட மாட்டார். பயிற்சிக்கு வருகிற பெரிய மீசைக்காரர்கள்கூட அவர் எதிரில் அடக்கி வாசிப்பார்கள்.

இப்போது அவர் பைக்குள் கையை விட்டு ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துக் கோதண்டத்தின் கையில் வைத்தார். கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. கோணல்மாணலாக, பார்க்கவே கண்றாவியாக இருந்தது.

கோதண்டத்தின் விரல்கள் சும்மா இருக்குமா? முடிச்சைப் பிரித்தார், சுற்றினார், இறுக்கினார். பார்ப்பதற்கு லட்சணமாக ஒரு முடிச்சு போட்டு நீட்டினார்.

"இப்ப சரியாயிடுச்சு மேடம்."

ஷாஹிதா வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டீ ஆறிடும், போய்க் குடிங்கண்ணே."

"நான் கேட்டதுக்கு..."

"நாளைக்குப் பிள்ளைங்க வர்றாங்க."

இது என்ன பதில்? கோதண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்தால் டீயும் ஆறித்தான் போயிருந்தது.

*

மறுநாள் விடிவதற்குள் மலையில் நல்ல மழை. முகாமை ஒட்டி ஓடுகிற ஓடை செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. ஆளை இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு இல்லை. ஆனால் விழுந்தால் மார்பு வரை முங்கும்.

பரீட்சை அந்த ஓடையில்தான்.

இரண்டு கரைக்கும் குறுக்கே இரண்டு கயிறு. மேலே இருப்பது கையால் பிடித்துக்கொள்ள. அதை முகாம்காரர்களே கட்டிவிடுவார்கள். கீழே இருப்பது கால் வைத்து நடக்க. அதன் ஒரு முனை அக்கரையில் ஏற்கனவே கட்டியிருக்கும். இந்தக் கரையில் இருக்கிற புங்கமரத்தில் மறுமுனையைக் கட்ட வேண்டியது பிள்ளைகள். எப்படி என்று சொல்லித்தர வேண்டியது பயிற்சிக்கு வந்தவர். கட்டி முடித்ததும் அதில் முதலில் ஏறி அக்கரைக்குப் போக வேண்டியதும் அவரேதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகே பிள்ளைகள் ஏறலாம்.

மலைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். கோதண்டம் முடிச்சைச் சொல்லிக்கொடுத்தார். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"யாரு கட்டப் போறீங்க?"

பூவிழி என்ற பெண் முன்னால் வந்தாள். நான்காவது படிக்கிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டினாள். கோதண்டம் சொன்னது பாதி, அவள் வீட்டில் ஆடு கட்டிப் பழகியது பாதி. மற்ற பிள்ளைகள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

ஷாஹிதா அந்தப் பக்கமாக வந்தார்.

"யார் கட்டினது?"

"நான்தான்" என்று பூவிழி கையைத் தூக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஷாஹிதா தலையாட்டிவிட்டுப் போனார். சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்து அலமாரியில் அடுக்கியாகிவிட்டது. அது ஒரு வருஷமாக அப்படியே கிடக்கிறது. "இந்தத் தடவையும் இல்லைன்னா சாரணர் குழுவுக்கு ஒதுக்கின நேரத்தைக் கணக்கு வகுப்புக்குக் குடுத்துடுவேன் சார், என்னைக் கோவிச்சுக்காதீங்க" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மோனிஷா பஸ் ஏற்றிவிட வந்தபோது, "இந்த வாட்டி வாங்கிட்டு வந்துடுப்பா" என்றாள். மற்ற பிள்ளைகளுக்கும் இவள்தான் வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறாள்.

பாதித் தட்டோடு எழுந்து ஓடைக்கு வந்தார். கரையில் யாரும் இல்லை. தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

முடிச்சைப் பார்த்தார். அது ஒரு முடிச்சா? நடு ஓடையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவிழ்ந்து தொலைத்தால்?

சுற்றுமுற்றும் பார்த்தார். சடாரென்று பிரித்தார். தன் கையால் மாற்றிக் கட்டினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். இப்போது இறங்கியது.

*

எல்லோரும் கரையில் கூடினார்கள். ஷாஹிதாவின் கையில் மடித்த ஸ்கார்ஃப் இருந்தது. கோதண்டம் அதைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டார்.

ஷாஹிதா முடிச்சின் பக்கத்தில் குனிந்தார்.

"நல்லா இருக்கே. பூவிழி கட்டினதுதானேண்ணே?"

"ஆமா மேடம்." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப எல்லாரும் பூவிழிக்கு ஒரு கை தட்டுங்க."

பிள்ளைகள் தட்டினார்கள். மற்ற பயிற்சிக்காரர்களும் தட்டினார்கள். கோதண்டமும் தட்டினார்.

பூவிழி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நான் கட்டலை."

கைதட்டல் நின்றது.

"நான் கட்டினது இப்படி இல்லை டீச்சர். இது வேற."

கோதண்டத்தின் காது மடல் சுட்டது. 'புள்ள கூச்சப்படுது' என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். அவரை யாரும் மறுத்துப் பேசப் போவதில்லை. நாளைக்கு ஸ்கார்ஃபோடு வீட்டு வாசலில் இறங்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பூவிழி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் மாத்திக் கட்டினேன்" என்றார் கோதண்டம். "எல்லாரும் சாப்பிடப் போனப்ப."

"எதுக்குண்ணே?" ஷாஹிதாவின் குரல் உயரவில்லை.

"விழுந்துடக் கூடாதேன்னுதான் மேடம்."

"யாரு?"

"புள்ளைங்கதான்."

"பிள்ளைங்க இப்ப ஏறப் போறதில்லையே. முதல்ல ஏறப் போறது நீங்க."

கோதண்டம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது.

ஷாஹிதா ஸ்கார்ஃபைப் பைக்குள் வைத்தார்.

அவ்வளவுதான், முடிந்தது கதை. இனிமேல் இங்கே நிற்பதில் என்ன இருக்கிறது? பையை எடுத்தால் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மோனிஷாவிடம் என்ன சொல்வது என்பதை வழியில் யோசித்துக்கொள்ளலாம். திரும்பி இரண்டு எட்டு வைத்தார்.

பூவிழி தன் உள்ளங்கைகளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் நின்றார். திரும்பிப் புங்கமரத்துக்குப் போனார். தான் போட்ட முடிச்சைப் பிரித்துக் கயிற்று முனையை அவளிடம் நீட்டினார்.

"நீ கட்டும்மா."

"எனக்குத் தெரியாது சார்."

"காலையில கட்டினியே."

"அது தப்பு. அதனாலதானே நீங்க பிரிச்சீங்க?"

நேற்று ஷாஹிதா கொடுத்த துண்டுக் கயிறு ஞாபகம் வந்தது. யாரும் சொல்லாமலே அதையும் இப்படித்தான் பிரித்தார்; போன வருஷமும் இதே கைதான் கோட்டை விட்டிருக்கும். கோதண்டம் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இப்போது இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"தப்பா, சரியா, எனக்குத் தெரியாதும்மா. நான் அதை இழுத்தே பாக்கலை. பாக்க அழகா இல்லைன்னு பிரிச்சிட்டேன்."

அவள் யோசித்தாள். கயிற்றை வாங்கிக்கொண்டாள். மரத்தைச் சுற்றிப் போனாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதே கண்றாவி முடிச்சு.

"மேடம், நான் ஏறலாமா?"

"ஸ்கார்ஃப் உள்ள போயிடுச்சு, அண்ணே."

"தெரியும் மேடம்."

"ஏறுங்க."

*

முதல் எட்டிலேயே கயிறு ஆடியது. மேல் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் நகர்த்தினார். ஓடும் பஸ்ஸில் நின்ற காலுக்கு இது பெரிசில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நடு ஓடையில் அது நடந்தது. புங்கமரத்தில் கட்டு சரசரவென்று கீழே வழுக்கியது. கீழ்க் கயிறு தொய்ந்தது. முழங்கால் வரை தண்ணீர், பிறகு இடுப்பு வரை. பிள்ளைகள் கத்தினார்கள். ஒரு பயிற்சிக்காரர் முடிச்சைப் பிடிக்க ஓடினார். ஷாஹிதா கையை நீட்டி அவரைத் தடுத்துவிட்டார்.

கோதண்டம் திரும்பிப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை, இறங்கித்தான் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மேலே தூக்கி இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டு வரை எட்டுகிற குரல் அவருடையது. வாயைத் திறந்தார்.

மரத்தடியில் பூவிழி முடிச்சைப் பார்த்தபடி நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ கணக்குப் போடுகிறாள்.

கோதண்டம் வாயை மூடிக்கொண்டார்.

அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். மேல் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கீழ்க் கயிற்றிலிருந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். கயிற்றில் இருந்த பாரம் போனது.

தோள் கழன்றுவிடும் போல வலித்தது. தண்ணீர் இடுப்பைப் பிடித்து இழுத்தது. பயமாக இருந்தது, ரொம்பப் பயமாக இருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"டேய், இழுங்கடா" என்று பூவிழியின் குரல் கேட்டது. "இன்னும். பிடிச்சுக்கோங்க. விட்டுடாதீங்க."

ஏதோ மரத்தில் உராய்ந்தது. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"சார், காலை வைங்க."

கண்ணைத் திறக்காமலே காலை வைத்தார். கீழ்க் கயிறு அங்கே இருந்தது, விறைப்பாக இருந்தது.

*

அக்கரையைத் தொட்டுவிட்டு, அதே கயிற்றில் திரும்பி வந்தார். வேட்டி நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஷாஹிதா பையைத் திறந்தார். ஸ்கார்ஃபை எடுத்துப் பூவிழியிடம் கொடுத்தார்.

"நீயே கட்டி விடு."

கோதண்டம் மண்டி போட்டார். பூவிழி கழுத்தைச் சுற்றித் துணியைக் கொண்டுவந்து முன்னால் முடிச்சுப் போட்டாள். அது நெஞ்சுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை.

"சரியா இருக்கா சார்?"

கோதண்டத்தின் கை கழுத்துக்குக் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. ஷாஹிதா பார்த்துக்கொண்டிருந்தார். கோதண்டம் கையை இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"இழுத்துப் பாரும்மா" என்றார்.