மூன்று சாண் என்றால் ஒரு சாண்

கோடைத் தீயில் ஆற்றின் இக்கரைக் காடு கரிந்துபோயிற்று. சருவி என்ற சின்னஞ்சிறு சருகுமான் தன் குட்டியோடு கரையில் நின்று அக்கரைப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி தின்று இரண்டு நாள் ஆகிறது. மலைமேலோ மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளம் வருவதற்குள் கடந்தாக வேண்டும்.

ஒரு சாண் தண்ணீர் அவளுக்கு மார்பளவு. இரண்டு சாண் என்றால் மூழ்கிவிடுவாள்.

முதலில் யானையைக் கேட்டாள். "ஆழமா? தண்ணீர் இருப்பதே தெரியவில்லையே!" என்று சொல்லிவிட்டு அது நடந்தே போய்விட்டது.

நாரையைக் கேட்டாள். "அரைச் சாண்தான், இறங்கு!" என்றது அது. சற்றுப் பொறுத்து அதே இடத்தைக் காட்டிக் கேட்டாள். "இரண்டு சாண் இருக்கும்!" மறுபடி கேட்டாள். "ஒன்று!"

"இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறதே!" என்றாள் சருவி.

"நேற்று முள்ளம்பன்றிக்குச் சொன்னது அப்படியே சரியாக இருந்தது, அக்கா!" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற முயல் தண்ணீரில் குதித்தது. குதித்ததும் காணோம்! துடுப்பன் என்ற நீர்நாய் பாய்ந்து போய் அதன் காதைக் கவ்விக் கரைக்கு இழுத்து வந்தான்.

துடுப்பனும் ஆழம் பார்ப்பவன்தான். சாணுக்கு ஒரு பல்தடமாகப் பத்துத் தடம் கடித்த மூங்கில் ஒன்று அவனிடம் இருந்தது. ஆற்றில் ஊன்றி, தண்ணீருக்கு மேலே தெரியும் தடங்களை எண்ணுவான். பத்திலிருந்து அந்த எண்ணிக்கையைக் கழித்து ஆழம் சொல்வான். ஆனால் எங்கே ஊன்றினாலும் அவன் மூன்றுக்குக் குறைத்துச் சொன்னதே இல்லை. கேட்டவர்கள் பயந்து திரும்பிவிடுவார்கள்.

சருவி யோசித்தாள். "அண்ணே, மூங்கிலை இந்தக் காய்ந்த மணலில் ஊன்றுங்களேன்."

"மணலில் என்ன ஆழம் பார்க்க?" என்று சிரித்துக்கொண்டே ஊன்றினான். "எட்டுத் தடம் தெரிகிறது. பத்தில் எட்டுப் போனால்... இரண்டு சாண்!" சொன்னவன் விழித்தான். "மணலில் இரண்டு சாண் தண்ணீரா!"

மூங்கிலைத் தூக்கிப் பார்த்தான். அடிமுனை சிம்பு சிம்பாக இருந்தது. போன வெள்ளத்தில் இரண்டு சாண் முறிந்துபோயிருக்கிறது. அவன் முகம் வாடிவிட்டது. "இத்தனை நாளாக எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறேனே!" என்று மூங்கிலை வீசி எறியப் போனான்.

"எறியாதீர்கள்!" என்று சருவி தடுத்தாள். பாறையோரம் மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். "இங்கே ஆழம் பாருங்கள், அண்ணே."

"மூன்று."

சற்றுத் தள்ளி இன்னொரு மார்பளவு இடத்தில் நின்றாள். "இங்கே?"

"மூன்றேதான்."

"போதும்! எப்போதும் இரண்டுதான் கூடுகிறது. நீங்கள் மூன்று சொல்லும் இடமாகவே அக்கரைவரை காட்டிக்கொண்டு போங்கள். நான் பின்னால் வருகிறேன்."

குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டாள். துடுப்பன் முன்னே ஊன்றி ஊன்றிச் சொல்லிக்கொண்டு போனான். "மூன்று... மூன்று... இங்கே நான்கு, வராதே! இடப்பக்கம் மூன்று!"

கரையில் நின்ற முயல் கத்தியது. "மூன்று சாணா! முழுகிப் போவாய், அக்கா!"

"அவர் மூன்று என்றால் ஒன்று! நீயும் என் பின்னாலேயே நீந்தி வா. கால் சோர்ந்தால் என் முதுகைப் பிடித்துக்கொள்!"

நடு ஆற்றில் இழுப்பு பலமாக இருந்தது. ஆனால் தண்ணீர் அவள் மார்பைத் தாண்டவில்லை. அக்கரை மணலில் குளம்பு பட்டதும் குட்டி தாவி இறங்கித் தளிரைக் கடித்தது. முயலும் சொட்டச் சொட்டக் கரையேறியது. சிறிது நேரத்தில் செந்நிறமாக வெள்ளம் இரைந்து வந்தது.

எப்போதோ ஒருமுறை சரியாகச் சொல்லும் அளவைவிட, எப்போதும் ஒரே அளவில் தவறும் அளவே மேல். அந்தத் தவறு எவ்வளவு என்பதை மட்டும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.