ஏழுசுற்றுக் கோட்டையும் தலைசுற்றிய புலியும்

கண்ணுகளா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். புலியும் ஆடும் ஒரே பாஷை பேசிய காலத்துக் கதை இது. ஒரே பாஷை பேசினால் பசி போய்விடுமா என்ன? ஆட்டைக் கண்டால் புலிக்கு நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்தது.

ஒரு காட்டாற்றங்கரையில் மூக்கி என்று ஓர் ஆடு இருந்தது. அதற்கு மூன்று குட்டிகள்: செவலை, மயிலை, கடைக்குட்டி புள்ளி. மூன்றுக்கும் கால் ஓர் இடத்தில் நிற்காது.

கோடையில் ஆறு வற்றியது. மணலைக் கண்டதும் குட்டிகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. செவலை குளம்பால் கோடு கிழித்தது. மயிலை கோட்டின்மேல் கூழாங்கற்களை மூக்கால் உருட்டி வைத்தது. புள்ளி, வைத்த கல்லையெல்லாம் தட்டிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி அடுக்கியது. இப்படியாக ஏழுசுற்றுக் கோட்டை ஒன்று எழும்பியது. வாசல் ஒன்று, வழி ஒன்று. ஆனால் அந்த வழி இருக்கிறதே, நடுவுக்குக் கூட்டிப் போகிற மாதிரி போகும். கிட்டே வந்ததும் சட்டென்று திரும்பி வெளிச்சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கல்லைத் தாண்டக் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம்.

முதல் நாள் மூன்றும் அதில் ஓடின. தலை கிறுகிறுவென்று சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

"அம்மா, எனக்கு ரெண்டு அம்மா தெரியுது!" என்று கத்தியது புள்ளி.

"இருக்கிற ஒரு அம்மாவுக்கே இங்க புல்லு பத்தலை. வேலையத்த பிள்ளைங்களா, இந்தச் சுத்து சுத்தி என்னத்தைக் கண்டீங்க?" என்று சலித்துக்கொண்டது மூக்கி.

குட்டிகள் கேட்டால்தானே! மறுநாளும் ஓடின, விழுந்தன, விழுந்து விழுந்து சிரித்தன. கோடை பாதி கழிவதற்குள் எவ்வளவு ஓடினாலும் அவற்றுக்குத் தலை சுற்றுவதே நின்றுபோயிற்று.

ஒரு நாள் மூக்கி மேய்ச்சலுக்கு அக்கரை போயிருந்தது. குட்டிகள் கோட்டை வாசலில் நின்றபோது, புதரை விலக்கிக்கொண்டு வந்தது வயிறு ஒட்டிய ஒரு புலி. ஐயோ பாவம், எங்கே ஓடுவது? புலியின் பாய்ச்சலுக்கு முன்னால் குட்டிக் கால்கள் எம்மாத்திரம்! புள்ளிக்கு அழுகை முட்டியது. செவலைதான் துணிந்து முன்னால் வந்தது.

"கும்பிடுறோம், புலி மாமா. திங்கத்தானே வந்தீங்க? தாராளமா தின்னுங்க. ஆனா, புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதுன்னு ஊரே உங்க கௌரவத்தைப் பேசுது. அப்பேர்ப்பட்டவங்க வாசல்ல நிக்கிறதைப் பிடிச்சுத் தின்னா நல்லாவா இருக்கும்? இது எங்க கோட்டை. நாங்க முன்னால ஓடுறோம். நீங்க வழியோட வந்து, நடுவுல வச்சுப் பிடிங்க. கல்லை மட்டும் தாண்டிடாதீங்க. சுவர் ஏறிக் குதிக்கிறது நரி வேலை."

"ஆமாமா, நரி வேலைதான்!" என்றது மருத மரத்தில் இருந்த காக்கை. ஊர்வம்பு என்றால் அதற்குச் சோறே வேண்டாம். "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

காக்கை பார்த்தால் காடே பார்த்த மாதிரி. புலி மீசையை முறுக்கியது. "ஓடுங்க, பாக்கலாம்!"

குட்டிகள் ஓடின. புலியும் ஓடியது.

முதல் தடவை, குட்டிகள் பக்கத்துச் சுற்றில் புலியின் மீசை உரசும் தூரத்தில் ஓடின. புலி கல்லைத் தாண்ட முன்னங்காலைத் தூக்கியது. "கா!" என்றது காக்கை. புலி காலைக் கீழே வைத்தது. இரண்டாம் தடவை, நடுவே வந்துவிட்டோம் என்று வாயைத் திறந்தது. வழி திரும்பி, அதை வெளிச்சுற்றில் கொண்டுபோய் விட்டது. மூன்றாம் தடவை ஆறு சுற்றியது, மருத மரம் சுற்றியது, மரத்தில் சும்மா இருந்த காக்கைகூடச் சுற்றியது. புலி தன் வாலையே பார்த்து, "யாருடா நீ?" என்று கேட்டது.

கடைசியில் தள்ளாடித் தள்ளாடி நடுவுக்கு வந்து சேர்ந்தது. குட்டிகள் மூன்றும் நட்ட கம்பம் போல அசையாமல் நின்றன.

"மூணு பேருதானே இருந்தீங்க? ஆறு பேரு நிக்கிறீங்களே!"

"உங்க அதிர்ஷ்டம், மாமா. வேணுங்கிறதை எடுத்துக்கங்க" என்றது புள்ளி.

இருப்பதிலேயே கொழுத்த குட்டியாகப் பார்த்துப் பாய்ந்தது புலி. அந்த இடத்தில் குட்டியே இல்லை! புலி கற்களுக்கு மேலாகப் பறந்து, கரையோரக் கோரைப்புல்லில் முகம் புதைய விழுந்தது. திறந்த வாய் நிறையப் புல்.

"புலி புல்லு தின்னுது! ஐயையோ, புலி புல்லு தின்னுது!" என்று காடெல்லாம் பறந்தது காக்கை.

குட்டிகள் கல்லைத் தாண்டிக் குதித்து, அக்கரையில் இருந்த தாயிடம் ஓடிவிட்டன. அவற்றுக்கு என்ன கௌரவம் கெட்டுப்போகப் போகிறது? புலி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. வெட்கத்தில் அந்தப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மறுநாள் காலையில் கோட்டை வாசலில் வந்து நின்றது யார் என்கிறீர்கள்? மூக்கியேதான். "அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்று முணுமுணுத்தபடி உள்ளே ஓடியது. நடுவுக்குப் போய்த் திரும்பி வந்து, வாசலில் தொப்பென்று உட்கார்ந்தது.

"அடப் பாவிங்களா! மூணு பிள்ளையை வச்சே மூச்சு முட்டுது. இப்ப ஆறு நிக்குதே, புல்லுக்கு நான் எங்க போவேன்!"

சொல்லிவிட்டு, குட்டிகளைவிட அதிகமாக அதுவே சிரித்தது.

ஆகவே கண்ணுகளா, பிள்ளைகள் மனம்வைத்து ஆடும் விளையாட்டை வீண்வேலை என்று யாரும் இகழக் கூடாது, ஆபத்து வந்த நாளில் அதுவே உயிர் காக்கும்.