தேர்க்கூட்டத்துக்கு எத்தனை இண்டெக்ஸ்?

இது கணினிக்காரர்களின் கதை. ஆனாலும் தீர்ப்புச் சொல்ல உங்களுக்குக் கணினி தெரிய வேண்டாம். திருவிழாக் கூட்டம் தெரிந்தால் போதும்.

வேங்கைநல்லூர்த் தேரோட்டத்துக்கு லட்சக்கணக்கில் சனம் வரும். ஒவ்வொரு குடும்பமும் நுழைவாயிலில் பெயர், வயது, ஊர், செல்போன் எண், சட்டை நிறம், வந்த வண்டி என்று எல்லாவற்றையும் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். யாராவது தொலைந்து உதவிக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தால், அந்தப் பதிவுகளில் தேடி வீட்டாரை அழைப்பார்கள். சென்ற ஆண்டு ஒரு நாலு வயதுக் குழந்தையின் வீட்டாரைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிட்டது. கூடாரப் பொறுப்பாளர் திலகவதிக்கு அந்த அழுகை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. இனி ஒருமுறை அப்படி நடந்தால் வேலையே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

அவளிடம் மூன்று கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். இந்தப் பதிவுக்கும் தேடலுக்கும் மூவரும் ஆளுக்கொரு கணினி நிரல் எழுதினார்கள். சண்டை முழுக்க இண்டெக்ஸ் பற்றித்தான். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று போட்டிருக்குமே, அதுதான் இண்டெக்ஸ். இருந்தால் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம். ஆனால் புதிதாக ஒரு வரி சேரும்போதெல்லாம் அதையும் திருத்தியாக வேண்டும்.

இன்பராஜ் பதினோரு இண்டெக்ஸ் போட்டான். பெயர், வயது, சட்டை நிறம் என்று எதைக் கேட்டாலும் கண்ணிமைப்பதற்குள் பதில். நிரலோ சின்னது, படிக்கவே அழகாக இருந்தது. கொடியேற்றத்துக்கு வந்த கூட்டத்தை வைத்து ஒத்திகை பார்த்தபோது மட்டும் ஒரு தொல்லை. ஒவ்வொரு பதிவையும் பதினோரு இடத்தில் எழுத வேண்டியிருந்ததால், கூட்டம் கூடக் கூட வாயிலில் வரிசை நகரவே இல்லை. வெயிலில் ஒரு கர்ப்பிணி மயங்கிச் சாய்ந்தாள்.

யூசுப் ஒரே ஒரு இண்டெக்ஸ் வைத்தான். மற்றதையெல்லாம் நிரலே நினைவில் வைத்துத் தேடும்படி ஆயிரக்கணக்கான வரிகளை எழுதினான். அப்பப்பா, என்ன மூளை! வாயிலும் ஓடியது, தேடலும் பறந்தது. அவன் சாப்பிடப் போன நேரத்தில் அது நின்றுபோயிற்று. ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எச்சில் கையோடு அவனே ஓடி வந்து சரிசெய்தான்.

பொற்கொடி இரண்டே இண்டெக்ஸ் போட்டாள். ஒன்று செல்போன் எண், இன்னொன்று ஊர். வாயில் சுணங்கவில்லை, நிரலும் எல்லாருக்கும் புரிந்தது. சட்டை நிறத்தைக் கேட்டால் மட்டும் எல்லாப் பதிவையும் புரட்டிவிட்டு வருவதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிவிடும்.

"பேருக்குக்கூட இண்டெக்ஸ் இல்லையா?" என்று சிரித்தான் இன்பராஜ்.

"போன வருஷம் கூடாரத்துல நான்தானே உக்காந்திருந்தேன். அப்பா வாசல்ல பள்ளிக்கூடப் பேரைக் குடுப்பாரு. புள்ள வந்து 'அம்முக்குட்டி'ன்னு சொல்லும்."

"ஊரை மட்டும் வெச்சுத் தேடினா அம்பது குடும்பம் வந்து நிக்குமே, பொற்கொடி?" என்றாள் திலகவதி.

"வரட்டும் மேடம். எனக்கு அது போதும்."

மூவரும் திலகவதியின் முகத்தையே பார்த்தார்கள். தேருக்கு முந்தின நாள் மாலைக்குள் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

எதையும் நொடியில் தேடித் தந்தவனா, வாயிலையும் தேடலையும் ஒருசேரப் பறக்கவிட்டவனா, சிலரைக் காக்க வைத்தாலும் இரண்டோடு நிறுத்திக்கொண்டவளா? இதில் யார் செய்தது சரி?

விடை: பொற்கொடி. இன்பராஜ் யாரும் கேட்காத கேள்விகளுக்கும் பதில் வைத்திருந்தான். அதற்கான விலையை வரிசையில் நின்றவர்கள் கொடுத்தார்கள். யூசுப்பின் நிரல் யூசுப் பக்கத்தில் இருக்கும்வரைதான் ஓடும். நம் மக்களோ பெயரை மாற்றிச் சொன்னாலும் ஊரை மாற்றிச் சொல்ல மாட்டார்கள். ஐம்பது குடும்பமும் ஓர் ஊர்தானே! அதில் யாரை அழைத்தாலும், "அடடே, நம்ம முருகையன் பொண்ணாச்சே!" என்று ஓடி வருவார்கள். ஊரும் தெரியாத ஓரிருவருக்காக டீ ஆறினால் ஆறட்டும். திலகவதி இதையே தீர்ப்பாகச் சொன்னதும் இன்பராஜ் தன் பதினொன்றையும் தானே அழித்தான். அதற்கும் ஒரு பெரிய மனசு வேண்டும். மறுநாள் தேர் நிலைக்கு வருமுன்பே கூடாரம் காலி. அத்தனை ஆண்டுகளில் அன்றுதான் திலகவதி வெளியே வந்து தேரைக் கண்ணாரப் பார்த்தாள்.