இருபத்தேழு முடிச்சு

மருதாசலம் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியைக்கு வயது முப்பத்து மூன்று.

ஆசிரியையின் பெயர் ரெஜினா. கோவை சிங்காநல்லூரில், மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியின் மாடியில் அவருடைய பட்டறை இருந்தது. கிட்டார் வாசிப்பவர்களுக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்வது தொழில். அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிக்குள் சிவப்பாக எரியுமே கண்ணாடி வால்வு, அதே வால்வுதான். வருடத்துக்கு எட்டுப் பெட்டி செய்வார். ஒன்பதாவதாக யார் வந்து நின்றாலும் அடுத்த வருடம் வரச் சொல்லிவிடுவார்.

மருதாசலம் நூல் மில்லில் முப்பத்தோரு வருடம் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லின் இசைக்குழுவில் கிட்டாரும் வாசித்திருக்கிறார். ஒரு சர்ச் நிகழ்ச்சியில் ரெஜினா செய்த பெட்டியின் சத்தத்தைக் கேட்டவருக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"எனக்கு இதைக் கத்துக் குடுப்பீங்களா அம்மிணி?"

"உங்க வயசுக்கு நான் என்னங்கண்ணா சொல்லிக் குடுக்கறது?"

"வயசை விடுங்க. தெரியாதவன் வந்து கேக்கறேன்."

ரெஜினா கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

இரண்டாவது வருடம் மருதாசலம் தனியாக ஒரு பெட்டி செய்தார். ஐந்து மாதம் ஆயிற்று. ட்ரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றினார். பிளைவுட்டைப் பன்னிரண்டு தடவை மெருகேற்றினார். உள்ளே ஓடிய கம்பிகள்தான் அவருடைய பெருமை. எல்லாமே வெள்ளை. அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராகப் போய், நேராகத் திரும்பி, கொத்துக் கொத்தாக மெழுகு நூலால் கட்டப்பட்டிருந்தன. மொத்தம் இருபத்தேழு முடிச்சு. கீழே பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள்கூட ஏறி வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரெஜினா வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்குதுங்கண்ணா" என்றார்.

பெட்டியை வாங்க ஊட்டியிலிருந்து போஜராஜ் என்ற இளைஞர் வந்தார். பள்ளியில் பாட்டு வாத்தியார். விடுமுறை நாட்களில் மேடையில் வாசிப்பவர். அரைமணி நேரம் வாசித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. விலையைக் கேட்டதும் வாடியது.

"கடையில வெளிநாட்டுப் பெட்டியே இதுல பாதி வெலைக்குக் கிடைக்குதே அக்கா. இதுல அப்படி என்ன இருக்கு?"

"செஞ்சவரு அவருதான். அவரைக் கேளுங்க" என்றார் ரெஜினா.

மருதாசலம் உற்சாகமாகச் சொன்னார். கண்டன்சர் எந்த ஊரிலிருந்து வந்தது, வால்வு செருகும் சாக்கெட் ஏன் பீங்கானில் போட்டிருக்கிறது, ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் எத்தனை சுற்று, பிளைவுட் எத்தனை அடுக்கு. சொல்லச் சொல்ல அவருக்கே பெட்டியின்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

போஜராஜ் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொன்ன சாமான் எல்லாத்தையும் நானே தனித்தனியா வாங்கிட முடியுமே அண்ணா. அதைத் தாண்டி என்ன இருக்குன்னுதான் கேக்கறேன்."

மருதாசலம் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா பெட்டியின் மூடியை வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு மேடை இருக்கு. வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று போஜராஜ் பெட்டியைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணிக்குப் போன் வந்தது.

"அண்ணா, வால்வு எல்லாம் எரியுது. சத்தம் மட்டும் வரலை. மூணு மணிக்கு மேடை ஏறணும்."

கோவையிலிருந்து மலையேறிப் போவதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிடும். "அங்கே பழைய ரேடியோ பாக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று மருதாசலம் கேட்டார்.

இருந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் செய்யது பாய். நாற்பது வருடமாக ரேடியோ பார்ப்பவர். போஜராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார். கால் மணி நேரம் கழித்து செய்யது பாயே போனில் பேசினார்.

"இதைக் கட்டினது யாருங்க?"

"நானுங்க."

"நல்லாக் கட்டியிருக்கீங்க. பூ மாலை மாதிரி இருக்கு. இதுல எந்தக் கம்பி எங்கே போவுது?"

"ரெண்டாவது வால்வுலேர்ந்து ஒரு வெள்ளைக் கம்பி வரும் பாருங்க..."

"எல்லாமே வெள்ளையாத்தானே இருக்கு?"

"இடதுபக்கம் மூணாவது கொத்து. அதுல அடியில ஓடுதுங்க."

"அப்ப முடிச்சை அறுக்கட்டுமா?"

அந்தக் கொத்தைக் கட்டிய நாள் மருதாசலத்துக்கு நினைவு வந்தது. காலையில் ஆரம்பித்து, நான்கு தடவை பிரித்துப் பிரித்து, சாயங்காலம்தான் மனதுக்குப் பிடித்த மாதிரி அமைந்தது.

"என்ன, லைன்ல இருக்கீங்களா?"

"அறுத்துருங்க" என்றார் மருதாசலம், மெதுவாக.

ஆனால் செய்யது பாய்க்கு அதற்குள் மனம் மாறிவிட்டது. "வேணாங்க. உள்ளே நானூறு வோல்ட்டு ஓடுது. வயரிங் படம் இல்லை, குறிப்பு இல்லை. எதை அறுத்தா எது வரும்னு தெரியாம நான் கை வெக்கமாட்டேன்."

போஜராஜ் யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு கீபோர்டு ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரைச் செருகி வாசித்தார். பாதிப் பேருக்குக் கேட்கவில்லையாம். செவ்வாய்க்கிழமை பெட்டி பஸ் பார்சலில் திரும்பி வந்தது. கூட ஒரு கடிதமும் இல்லை.

மருதாசலம் அதைத் திறந்தார். ஒவ்வொரு முடிச்சாக அறுத்தார். கோளாறைத் தொடுவதற்குள் இருபத்திரண்டு முடிச்சு போய்விட்டது. இரண்டாவது வால்வின் சாக்கெட்டில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. கொத்து நேராக நிற்க வேண்டுமென்று கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார். மலைப்பாதையில் ஜீப் குலுங்கிய குலுக்கலில் அது பிய்த்துக்கொண்டது. தேடி எடுக்க இரண்டு மணி நேரம். சால்டர் வைக்க இரண்டு நிமிடம்.

ரெஜினா பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லணும்" என்றார் மருதாசலம், தலையைத் தூக்காமல். "அந்த பாய் முடிச்சை அறுக்கட்டுமான்னு கேட்டாருங்க. எனக்கு வாய் வரலை. அங்கே ஒரு பையன் மேடைக்கு நேரமாச்சுன்னு தவிச்சுட்டு நிக்கறான். நான் என் முடிச்சை நெனைச்சுட்டு இருந்தேன்."

ரெஜினா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெட்டியை அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பாக்கறது என் வேலைங்கண்ணா. எனக்கும் அந்தக் கட்டைக் கலைக்க மனசு வரலை."

மருதாசலம் அறுந்த நூல்களை மேசையின் ஓரமாக ஒதுக்கினார்.

"அப்ப எப்படித்தான் கட்டறதுங்க?" என்றார் மருதாசலம்.

"எனக்குத் தெரிஞ்சதைச் செய்யறேன். நீங்க உங்களுக்குத் தோணறதைச் செய்யுங்க. முடிச்சப்புறம் ரெண்டையும் தூக்கிட்டு ஊட்டிக்குப் போலாம்."

மூன்று வாரம் கழித்துப் போனார்கள். ரெஜினா கையில் அவர் புதிதாகச் செய்து முடித்த பெட்டி. மருதாசலம் கையில் திருப்பிக் கட்டிய பெட்டி. போஜராஜையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்தார், ஆனால் வாசலோடு நின்றுகொண்டார்.

செய்யது பாயின் கடை ஒரு ஆள் படுக்கிற அகலம்தான். ரெஜினா முதலில் தன் பெட்டியை அவர் முன்னால் வைத்தார்.

"பாய், ரெண்டு பெட்டியிலயும் நாங்களே ஒவ்வொரு கம்பியைக் கழட்டி விட்டிருக்கோம். கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

"பரிச்சை எனக்கா?"

"எங்களுக்குங்க."

செய்யது பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரெஜினாவின் பெட்டியில் அவருக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. கழன்ற கம்பி ஒரு பெரிய கண்டன்சருக்கு அடியில் இருந்தது. அதை எடுக்காமல் இதைத் தொட முடியவில்லை.

"கை போறதுக்கு எடமே வெக்கலையேம்மா நீ! எல்லாரோட விரலும் உன் விரல் மாதிரியே இருக்குமா?" என்று கோபித்துக்கொண்டார். தன் விரலைத் தூக்கிக் காட்டினார். தடித்த, நுனி காய்ந்த விரல்.

மருதாசலத்துக்குச் சங்கடமாக இருந்தது. அந்தப் பெட்டிகளுக்காக ஒரு வருடம் காத்திருக்கிறவர்கள் உண்டு. ஆனால் ரெஜினா பையிலிருந்து நோட்டை எடுத்து, செய்யது பாய் சொன்னதை எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, "வேற எங்கே இடிச்சுதுங்க?" என்று கேட்டார். அவர் இன்னும் இரண்டு இடம் காட்டினார். அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து மருதாசலத்தின் பெட்டி.

இப்போது அதைப் பார்த்து யாரும் படம் எடுக்கமாட்டார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறக் கம்பி. ஒவ்வொன்றும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தளர்ந்து வளைந்திருந்தது. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று தகட்டின்மேல் மார்க்கரில் எழுதியிருந்தது. மூடியின் உட்பக்கம், எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற முழுப் படமும் ஒட்டியிருந்தது.

செய்யது பாய் படத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனார். மீட்டரை ஒரு இடத்தில் வைத்தார், இன்னொரு இடத்தில் வைத்தார். "இங்கே இருநூத்திப் பத்துன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணுமே இல்லை." பச்சைக் கம்பியைச் சுண்டினார். அது கையோடு வந்தது. பெட்டியைத் திறக்கும்போது வாங்கி வந்த டீ இன்னும் ஆறியிருக்கவில்லை.

போஜராஜ் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "அன்னிக்கு மாதிரி அழகா இல்லையே அண்ணா?"

"அழகு வேணும்னா மூடி வெச்சுப் பாரு" என்றார் செய்யது பாய்.

"வெலை?"

மருதாசலம் இந்தத் தடவை கண்டன்சரைப் பற்றிப் பேசவில்லை. "அதேதாங்க" என்றார்.

போஜராஜ் செய்யது பாயைப் பார்த்தார். பாய் பச்சைக் கம்பிக்குச் சால்டர் வைத்து ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"கடையில விக்கிற வெளிநாட்டுப் பெட்டி இருக்கே, அந்த மாதிரி ரெண்டு எங்கிட்ட வந்து கெடக்கு. உள்ளே எல்லாம் ஒரே போர்டு. அது போச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான், எனக்கு வேலை இல்லை. இது போச்சுன்னா எங்கிட்ட கொண்டா."

போஜராஜ் ஜீப்புக்குப் போய் கிட்டாரை எடுத்து வந்தார். செருகி, ஒரே ஒரு தடவை மீட்டினார். எதிர்க்கடையில் கேரட் கட்டிக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போஜராஜ் இன்னொரு தடவை மீட்டினார். அதன்பின் நிறுத்தவில்லை. மருதாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூடியைப் பூட்டுவதற்கு முன்னால் ரெஜினா பையிலிருந்து மார்க்கரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"செஞ்சவங்க பேரு உள்ளே இருக்கணும். எழுதுங்கண்ணா."

மருதாசலம் தகட்டின் ஓரத்தில் தன் பெயரை எழுதினார். ஊரை எழுதினார். தேதி போட்டார். அதற்குக் கீழே போன் நம்பரை எழுத ஆரம்பித்தார். நான்கு எண் எழுதியிருப்பார், ரெஜினா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நம்பர் வேண்டாங்கண்ணா."

"ஏனுங்க அம்மிணி? நாளைக்கு யாரோ ஒருத்தர் தொறந்து, சந்தேகம்னு வந்துட்டா என்னைக் கூப்பிட்டுக் கேக்கலாமல்லங்க?"

"நீங்க போனை எடுக்கலைன்னாலும் பெட்டி பாடணுமுங்கண்ணா."