உப்பு மாலுமியும் ஒரு குடம் பயமும்

முன்னொரு காலத்திலே, தென்கடலில் கிடந்த தீவுகளை மனிதர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட அப்போதுதான் பழகியிருந்த காலத்திலே, ‘தேன்சிட்டு’ என்று ஒரு பாய்மரப் படகு இருந்தது. அதுதான் முத்திருளனுக்கும் செண்பகவல்லிக்கும் வீடு. தீவுக்குத் தீவு புளியும் மிளகும் கொண்டுபோய்க் கொடுத்து, தேங்காயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மணல் நிரப்பிய பெட்டிக்குள் அடுப்பு. பாய்மரத்தில் கட்டிய சேலைத் தூளியில் அவர்களுடைய பெண் குழந்தை. கடலே ஆட்டிவிடுகிற தூளியைத் தாய் எதற்கு ஆட்ட வேண்டும், சொல்லுங்கள்!

முத்திருளன் கடலோரத்துக்காரன். செண்பகவல்லியோ மலையடிவாரத்துப் பெண்; கல்யாணத்துக்கு முன்னால் கிணற்றைத் தவிர ஆழமான தண்ணீரையே பார்த்ததில்லை. தூளி முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். நாலடி போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். அதுவும் போதாமல் மூன்றாம் தடவையும் இழுப்பாள். துறைக்குத் துறை மாலுமிகள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். “பயந்தாங்கொள்ளி வந்துட்டா, நங்கூர முடிச்சை மூணு தடவை இழுத்துப் பாருங்கப்பா!”

படகைத் திருப்பும் சுக்கானைக் கணவனும் மனைவியும் மாறி மாறிப் பிடிப்பார்கள். வாங்குகிறவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பிடித்திருப்பவர் மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும். அது அந்தப் படகின் சட்டம்.

“காற்று எங்கே?”

“பாறை எங்கே?”

“பயம் எவ்வளவு?”

மூன்றாவது கேள்வி முத்திருளன் கேலிக்குச் சேர்த்தது. ஆனால் செண்பகவல்லி அதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லுவாள். “இன்னைக்கு ஒரு சொம்புதான், மச்சான்.” அலை எழும்பினால் “ஒரு குடம்.” மின்னல் வெட்டினால் “அண்டா நிறைய!” அவள் திருப்பிக் கேட்டால் அவன் மீசையைத் தடவுவான். “எனக்கா? ஒரு சொட்டுகூடக் கிடையாது, புள்ள!”

ஒரு மத்தியானம் காற்று செத்துப் போய், படகு தானாகவே ஒரு வெள்ளைத் தீவை நோக்கி நகர்ந்தது. கரை நெடுக ஆளில்லாத படகுகள் ஒதுங்கிக் கிடந்தன; பக்கத்திலேயே மாலுமிகள் நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

“மச்சான், அவங்க யாரும் கண்ணைச் சிமிட்டலையே,” என்றாள் செண்பகவல்லி. அத்தனை பேரும் உப்புச் சிலைகள்!

அப்போது தண்ணீர் பிளந்தது. பாய் அகலத்துக்கு ஒரு திருக்கை மீன், அதன் முதுகில் சம்மணம் போட்டு ஒரு மந்திரவாதி. தாடியெல்லாம் சிப்பி.

“பயமாக இருக்கிறதா, மாலுமி?” என்று கேட்டான்.

“இல்லை,” என்றான் முத்திருளன்.

“நிஜமாகவே இல்லையா?”

“இல்லவே இல்லை.”

“ஒரு சொட்டுகூட?”

“ஒரு சொட்டுகூட இல்லை!”

அவ்வளவுதான். கால் வெளுத்தது, நெஞ்சு வெளுத்தது, மீசையும் வெளுத்தது. சுக்கானைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, முத்திருளன் உப்பாகிப் போனான்.

“என் கடலில் பொய் சொன்னவன் உப்பாவான்,” என்று மந்திரவாதி சிரித்தான். “பெண்ணே, உனக்குப் பயமா?”

“ஆமா. படகு நிறைய இருக்கு. முட்டி ரெண்டும் அடிச்சுக்குது, தெரியலையா?”

மந்திரவாதி காத்திருந்தான். அவள் சுண்டுவிரல் நகம்கூட வெளுக்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. விரலைச் சொடுக்கினான். படகுக்கு நேர்மேலே மட்டும் கருமேகம் திரண்டது.

“மழை வந்தால் உன் புருஷன் கரைந்துபோவான். குழந்தையை உன் கையாலேயே எனக்குக் கொடுத்துவிடு, மேகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் தீவில் முறைக்கிற சிலைகள்தான் இருக்கின்றன. சிரிக்கிற சிலை ஒன்று வேண்டும்.”

“பச்சைக் குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாதே!”

“வளரட்டுமே. சிரித்துக்கொண்டே பொய் சொல்ல நான் கற்றுத் தருகிறேன்.”

செண்பகவல்லி தூளிச் சேலையை அவிழ்த்துக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். பாயை இறக்கிக் கணவன் தலைமேல் போர்த்தினாள். மழை பிடித்துக்கொண்டது. பாய் நனைந்து சொட்டியது. மீசையில் ஒரு பக்கம் கரைந்தே போயிற்று.

அவள் பாய்க்குள் நுழைந்து, சுக்கானில் அவன் உப்புக்கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

“காற்று எங்கே, மச்சான்?” பதில் இல்லை.

“பாறை எங்கே, மச்சான்?” பதில் இல்லை.

“பயம் எவ்வளவு, மச்சான்? தினம் தினம் நான் சொன்னேனே, நீங்க ஒருநாளாச்சும் சொன்னீங்களா? இந்தப் படகுல எனக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சு, நான் தனியாவே சுமந்துட்டு இருந்தேனே!”

உப்புக் கண்ணில் ஒரு சொட்டு நீர் ஊறியது. கன்னத்தில் வழிந்து உதட்டைத் தொட்டது. உதடு அசைந்தது.

“ரெண்டு குடம்… கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. பாப்பா பொறந்த பிறகு ஒரு கிணறே இருக்கு, புள்ள.”

பொலபொலவென்று உப்பு உதிர்ந்தது. அரைமீசையோடு முத்திருளன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்!

மந்திரவாதியின் தாடிச் சிப்பிகள் கடகடவென்று ஆடின. “இதுவரை யாரும் இப்படி மீண்டதில்லையே!”

செண்பகவல்லி பாயை விலக்கி வெளியே வந்தாள். நெஞ்சில் கட்டிய முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏனய்யா, உமக்குப் பயம் எவ்வளவு?”

“எனக்கா? பயமா?” என்று மந்திரவாதி கத்தினான். “ஒரு சொட்டுகூட…”

சொல்லி முடிக்கவில்லை. தாடி வெளுத்தது, தோள் வெளுத்தது, வாயும் வெளுத்தது. மழை அவன்மேல் ஊற்றியது. திருக்கையின் முதுகில் ஒரு கைப்பிடி உப்பு மிச்சம். அதையும் ஒரு அலை வந்து துடைத்துக்கொண்டு போனது.

மாயம் முறிந்தது. மேகம் கரைப்பக்கம் நகர்ந்தது. கரையில் நின்ற சிலைகளின் உப்புத்தோல் மட்டும் மழையில் கரைந்து போக, உள்ளே இருந்த மாலுமிகள் தும்மிக்கொண்டே விழித்தார்கள். துறையில் அவளைக் கேலி செய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். எல்லாரிலும் உயரமான ஒருவன் அவள் முன்னால் தலைகுனிந்தான். “ரொம்பப் பயமா இருந்துச்சு, தாயி. நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாலேயே வர்றோம்.”

காற்று மறுபடி பிறந்தது. முன்னால் தேன்சிட்டு, பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் பாய்கள். எல்லாத் தீவுகளிலும் ஜனங்கள் கரைக்கு ஓடி வந்து, முதலில் வருகிற படகை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். இடுப்பில் குழந்தையோடு மலைநாட்டுப் பெண்! அன்று முதல் அந்தக் கடலில் மூன்றாம் கேள்வி கேட்காமல் எவரும் சுக்கான் மாற்றியதில்லை.

முத்திருளன் அரைமீசையைத் தடவிக்கொண்டு வந்து கை நீட்டினான். “காற்று எங்கே? பாறை எங்கே? பயம் எவ்வளவு, புள்ள?”

“காற்று முதுகுக்குப் பின்னால. பாறை கடந்தாச்சு. பயம் ஒரு குடம், மச்சான்.”

“கொண்டா, ஆளுக்குப் பாதி.”

செண்பகவல்லி பின்னால் விரிந்த பாய்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

“பயத்துல பாதியை இப்பவே வாங்கிக்கங்க. சுக்கானை அப்புறமா தர்றேன்.”